ஏழு மலை... ஒரு ஞாயிற்றுக்கிழமை!

எங்க ஊர் பேர் எழுமலை. மதுரை மாவட்டம், பேரையூர் தாலுகா. உசிலம்பட்டியில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, அதிலும் உட்கார இடம் கிடைக்காமல் வந்து சேர வேண்டிய ஊர். வெளியூரில் யாரிடம் பேரைச் சொன்னாலும் அடுத்த கேள்வி தயாராக வரும்: ‘‘ஏழு மலையும் இருக்கா ஸார்?’’

என்னத்தைச் சொல்ல? ‘எழு’ என்றால் ஏழு என்றும் வைத்துக்கொள்ளலாம், எழுந்து நிற்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை காம்பவுண்டு சுவர் கட்டினாற்போல நீளமாக நிற்கிறது. அதில் இது ஒன்று, அது ரெண்டு என்று எங்கே பிரிப்பது? ஐட்டம் எதுவும் போடாமல் டோட்டல் மட்டும் போட்டு நீட்டப்படுகிற ஹோட்டல் பில் மாதிரி!

ஆனால், விரல் விட்டு எண்ணுகிற மாதிரி நிஜமாகவே ஏழு மலை நிற்கிற ஊர் ஒன்று இதே மதுரை மாவட்டத்தில் இருக்கிறது. பேர் அரிட்டாபட்டி. மேலூர் தாலுகா. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர். கழிஞ்சமலை, நாட்டார்மலை, வயத்துப்பிள்ளான் மலை, ராமாயி மலை, ஆப்டான் மலை, கழுகுமலை, தேன்கூட்டு மலை. சொல்லுகிற ஆளைப் பொறுத்துப் பேர் கொஞ்சம் முன்னே பின்னே மாறும். எண்ணிக்கை மட்டும் மாறாது.

வாரம் ஆறு நாள் லெட்ஜரையும் கம்ப்யூட்டரையும் முறைத்துப் பார்த்துவிட்டு, ஏழாவது நாள் டி.வி.யை முறைத்துப் பார்க்கிற ஜாதியா நீங்கள்? அப்படியென்றால் இந்த மலைச் சுற்று உங்களுக்குத்தான். கயிறு வேண்டாம், கொக்கி வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம். ரெண்டு கால் போதும். அங்கங்கே ரெண்டு கையும் வேண்டும். அவ்வளவுதான்.

கடல் இல்லாத தீவு

மேலூர் ரோட்டில் போகும்போதே டிரெய்லர் ஆரம்பித்துவிடும். ஒத்தக்கடையில் இடது பக்கம் யானைமலை. துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கிற யானையேதான். மரம் மட்டை எதுவுமில்லாத ஒரே பாறை. அதைத் தாண்டினால் வயல், கண்மாய், தென்னந்தோப்பு. திடீரென்று இன்னொரு பாறை. மறுபடி வயல். மறுபடி பாறை.

இந்த மாதிரி, சமவெளிக்கு நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் தனியாக நிமிர்ந்து நிற்கிற மலைக்கு ஜெர்மன்காரர்கள் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். ‘இன்ஸெல்பெர்க்’. தமிழில் சொன்னால் தீவு மலை. 1900-ஆம் ஆண்டில் போர்ன்ஹார்ட் என்ற ஜெர்மன் புவியியல் அறிஞர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட மலைகளைப் பார்த்துவிட்டுச் சூட்டிய பேர் அது. அவருக்கு அது கடலுக்கு நடுவில் நிற்கிற தீவு மாதிரி தெரிந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உலகம் பூராவும் போய் போட்டோ பிடித்துக்கொண்டு வருகிற உலுரு பாறை இந்த வகைதான். சுற்றியுள்ள தரையிலிருந்து 348 மீட்டர். பிரேஸிலில் ரியோ நகரத்தில் கேபிள் கார் விடுகிறார்களே, ‘சர்க்கரைக் கட்டி’ மலை... அதுவும் இந்த வகைதான், 396 மீட்டர். அங்கெல்லாம் போக விமான டிக்கெட் வேண்டும். நமக்கு மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் இருக்கிறது!

இது எப்படி உண்டாகிறது? மேலே இருந்து யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. ஒரு காலத்தில் சுற்றிலும் மண்ணும் பாறையுமாக எல்லாமே உயரமாகத்தான் இருந்தது. விரிசல் விழுந்த பாறைக்குள் தண்ணீர் இறங்கி, கோடிக்கணக்கான வருஷங்களில் அதை உளுக்க வைத்து, மண்ணாக்கி, மழை அள்ளிக்கொண்டு போய்விட்டது. விரிசல் விழாத பாறை மட்டும் ‘நான் வரலை, நீ போ’ என்று நின்றுவிட்டது. அதுதான் தீவு மலை. பி.காம். பாஷையில் சொல்வதானால், ஊரெல்லாம் டிப்ரிஸியேஷன் கழித்த பிறகும் புஸ்தகத்தில் மிச்சமிருக்கிற ஒரே சொத்து!

அதுவும் சும்மா நிற்கவில்லை. வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து, வெங்காயம் உரிவது போல மேல்தோல் தகடு தகடாக உரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இந்த மலைகள் எல்லாமே உருண்டையாக, வழவழவென்று இருக்கின்றன. நாம் கை வைத்து ஏறுகிற படிகள், இடுக்குகள் எல்லாம் இந்தத் தகடு உரிந்த ஓரங்கள்தான்.

மூணு ஜாமீன்

மார்கழி மாத ஞாயிறு ஒன்றில் நானும் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் நண்பன் ஒருவனும் கிளம்பினோம். நண்பன் நல்லவன். எடை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. லிஃப்ட் ரிப்பேர் என்றால் லீவு போட்டுவிடுகிற ரகம். நரசிங்கம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகிறபோது பனி முழுசாக விலகவில்லை. டீக்கடையில் விசாரித்ததில், ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வழிகாட்ட ஒப்புக்கொண்டார். அறுபத்தைந்து வயசிருக்கும். தோளில் துண்டு, கையில் தொரட்டி.

அடிவாரத்தில் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றி ஒரு புதர் மேல் வைத்தார். நண்பனின் புது ஷூவைப் பார்த்தார்.

‘‘தம்பி, இது என்ன விலை?’’

‘‘மூவாயிரத்து ஐந்நூறுங்க.’’

‘‘கழட்டி எங்கயாச்சும் பத்திரமா வைங்க. வெறுங்காலுக்கு விலை கெடையாது. ஆனா பிடிக்கும்.’’

ஏறத் தொடங்கினோம். முதல் அம்பது அடி சுகமாக இருந்தது. நடக்கலாம். அப்புறம் பாறை லேசாக நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. ஒரு கட்டத்தில் முகத்துக்கு நேரே பாறை. நண்பன் நின்றுவிட்டான். திரும்பிக் கீழே பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

‘‘டேய்... எனக்குக் கல்யாணத்துக்குப் பாத்திட்டிருக்காங்கடா!’’

பெரியவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இறங்கி வந்து நின்றார். ‘‘தம்பி, பயம் இருக்கட்டும். பயம் நல்லதுதான். ரெண்டு காலு, ரெண்டு கையி... மொத்தம் நாலு. அதுல மூணு எப்பவும் பாறையில இருக்கணும். ஒண்ணுதான் நகரணும். அது நல்லா நின்ன பெறகு அடுத்தது. அவசரம் ஆகாது’’ என்றார்.

ஒரு கடனுக்கு மூணு ஜாமீன்! எந்த பேங்க் மானேஜரும் சந்தோஷமாக ஸாங்ஷன் பண்ணுவார். நண்பனுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டது. ‘மூணு... ஒண்ணு... மூணு... ஒண்ணு’ என்று முணுமுணுத்துக்கொண்டே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறி வந்துவிட்டான்.

இன்னொரு பாடமும் சொன்னார் பெரியவர். பாறை முழுக்க மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கறுப்பாகத் தடம் தெரியும். அது மழைத் தண்ணீர் வழிகிற வழி. பாசி காய்ந்து கறுத்துக் கிடக்கும். லேசாக ஈரம் பட்டால் போதும், சோப்புத் தண்ணீர் கொட்டிய குளியலறைத் தரைதான். ‘‘கறுப்பு, தண்ணி போற ரோடு. வெள்ளப் பாற, நாம போற ரோடு. ரெண்டு பேரும் ஒருத்தர் ரோட்டுல ஒருத்தர் போகப்படாது.’’ டிராஃபிக் ரூல்ஸை இதைவிட எளிதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தூறல் போட்டால் மலையில் காலே வைக்கக் கூடாது என்பதும் அந்த ரூல்ஸில் அடக்கம்.

உச்சியில் போய் நின்றால்... அடேங்கப்பா! கீழே பச்சைப் பசேல் என்று வயல். நடுநடுவே கண்ணாடித் துண்டு மாதிரி கண்மாய்கள். ஒரு பக்கம் அழகர்மலைத் தொடர். இன்னொரு பக்கம் தூரத்தில் யானைமலை. பக்கத்தில் மற்ற மலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தீவு. ஜெர்மன்காரர் சும்மா பேர் வைக்கவில்லை என்று புரிந்தது. பாறை மேலேயே ஒரு சுனை. மழைத் தண்ணீர் தேங்கி, அதற்குள் தலைப்பிரட்டைகள் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தன. காற்று, சட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே போனது.

இறங்குகிறபோது இன்னொரு வித்தை. சரிவான இடங்களில் உட்கார்ந்து, உள்ளங்கையைப் பின்னால் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கேலியாக இருக்கும். பரவாயில்லை. பேண்ட்டின் பின்பக்கம் தேய்ந்துபோகும். அதுவும் பரவாயில்லை. அது ஒன்றுதான் இந்தப் பயணத்தில் கணக்குக் காட்ட வேண்டிய தேய்மானம்!

குகையைத் தானம் கொடுத்தவர்கள்

ஒரு மலையில் ஏறி, இறங்கி, வரப்பில் நடந்து அடுத்த மலை. இதுதான் சுற்று. நடுநடுவே பாட்டன் பூட்டன் விட்டுப்போன விசிட்டிங் கார்டுகள்.

கழிஞ்சமலையில் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். 8-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். கட்டின கோயில் இல்லை. பாறையைக் குடைந்து எடுத்த கோயில். அதில் ஒரு பக்கம் பிள்ளையார். இன்னொரு பக்கம், கையில் தண்டத்தோடு லகுலீசர். குஜராத் பக்கம் பிரபலமான பாசுபத குரு. தமிழ்நாட்டில் இவரைப் பார்ப்பது அபூர்வம். அந்தக் காலத்தில், பஸ் இல்லாமல், ரயில் இல்லாமல், அங்கிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்று நினைத்தால் எங்க ஊர் பஸ்ஸைத் திட்டவே வாய் வரவில்லை.

இன்னொரு பக்கம் சமணர் குகை. உள்ளே துறவிகளுக்கான கற்படுக்கைகள். மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க மேலே பாறையில் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து சன்ஷேடு! அங்கே தமிழ் பிராமி எழுத்தில் கல்வெட்டு. சுமார் 2,000 வருஷம் பழசு. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் இந்தக் குகையைக் கொடுத்தார் என்று ஒன்று சொல்கிறது. இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் கொடுத்தார் என்று இன்னொன்று சொல்கிறது. முதலாவதை ஆய்வாளர்கள் 1971-ல் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது 2003-ல்தான் கண்ணில் பட்டது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து இன்னொரு என்ட்ரி! ஆடிட்டர்கள் கவனிக்க.

பக்கத்திலேயே பாறையில் ஒரு தீர்த்தங்கரர் சிற்பம். கீழே வட்டெழுத்து. அத்தனை நூற்றாண்டு வெயிலுக்கும் மழைக்கும் கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். நம்மால் மானேஜர் ரூமில் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார முடிகிறதா?

கூரையும் தொட்டியும்

வெறும் பாறைதானே, இதனால் யாருக்கு என்ன பிரயோசனம்? நண்பன்தான் கேட்டான். பெரியவர் கீழே இருந்த கண்மாயைத் தொரட்டியால் காட்டினார். ஆனைகொண்டான் கண்மாய். 16-ஆம் நூற்றாண்டில் வெட்டியது.

‘‘வீட்டுக் கூரையில பெய்யிற மழைய வாளி வெச்சுப் பிடிப்பீகள்ல... அதே கததான். இது கூரை. அது வாளி.’’

அவ்வளவுதான் விஷயம். மண் மலையென்றால் மழையைத் தானே குடித்துவிடும். பாறை குடிக்காது. பெய்ததில் பெரும்பகுதியைக் கீழே தள்ளிவிடும். அந்தத் தண்ணீரைப் பிடிக்கத்தான் மலையைச் சுற்றிக் கண்மாய்கள். ஒன்று நிரம்பினால் அடுத்தது, அது நிரம்பினால் அதற்கடுத்தது. இந்த வட்டாரத்தில் 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசாங்கமே கணக்குக் கொடுத்திருக்கிறது. பெரிய ஆறு பக்கத்தில் ஓடாத ஊருக்கு இந்த மொட்டைப் பாறைதான் ஆறு.

பறவைகள் மட்டும் சுமார் 250 வகை. அதில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, இராசாளி என்று மூன்று பெரிய வேட்டைக்காரர்கள். தேவாங்கு, எறும்புதின்னி, மலைப்பாம்பு எல்லாம் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துத்தான் 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து, சுமார் 193 ஹெக்டேர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே இதுதான் முதல்.

நாங்கள் நின்ற இடத்துக்கு எதிர்ப்பக்கத்து மலையில் செங்குத்தாக ஒரு பாறை. அங்கே போகலாமா என்று கேட்டேன். பெரியவர் தலையை ஆட்டினார். ‘‘அங்கிட்டு வேணாம். வல்லூறு கூடு கட்டுற நேரம். ஆளு வந்தா முட்டைய விட்டுட்டுப் போயிரும்.’’

சொல்லி முடிக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து ஒரு பறவை கல்லை விட்டெறிந்த மாதிரி விழுந்தது. விழுந்த வேகத்திலேயே வளைந்து, மேலே ஏறி, பாறைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மொத்தம் மூணு செகண்டுதான். நண்பன் பாதி வாழைப்பழத்தை வாயில் வைத்தபடி அப்படியே நின்றான். அந்த மலையை நாங்கள் ஏறவில்லை. ஏழில் ஆறு.

கனமான கல்

இப்பேர்ப்பட்ட மலைக்கு ரெண்டு தடவை விலை வைத்திருக்கிறார்கள்.

முதல் விலை, கிரானைட். மேலூர் தாலுகாவில் எத்தனையோ குன்றுகள் கட்டம் கட்டமாக அறுபட்டு லாரி ஏறிப் போனதையும், 2012-ல் அந்த முறைகேடு வெளியே வந்து நாடே பேசியதையும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அரிட்டாபட்டிக்காரர்கள் தங்கள் மலையில் கை வைக்க விடவில்லை. மல்லுக்கு நின்று காப்பாற்றிவிட்டார்கள்.

இரண்டாவது விலை, டங்ஸ்டன். ஸ்வீடன் பாஷையில் இதற்கு ‘கனமான கல்’ என்று அர்த்தம். பழைய குண்டு பல்புக்குள் மினுங்கிய கம்பி இதுதான். 3,422 டிகிரி செல்ஷியஸில்தான் உருகும். உலோகங்களிலேயே இதுதான் உச்சம். பாறையைத் துளைக்கிற கருவி முதல் ராணுவத் தளவாடம் வரை இது வேண்டும். தேவை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு இந்த வட்டாரத்தில் 2,015 ஹெக்டேரை, அதாவது கிட்டத்தட்ட 5,000 ஏக்கரை, ‘நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்’ என்று பேர் வைத்து ஏலம் விட்டது. ஹிந்துஸ்தான் ஸிங்க் கம்பெனி ஏலம் எடுத்தது. பாரம்பரியத் தலமும் அந்தக் கட்டத்துக்குள்தான் இருந்தது.

ஊர் கொதித்துவிட்டது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் மதுரையைப் பார்க்கக் கிளம்பினார்கள். நாம் டவுன் பஸ்ஸில் கொட்டாவி விட்டுக்கொண்டு போகிற அதே ரோட்டில், வயசானவர்கள், பொம்பளைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து தல்லாகுளம் வரை வந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது.

‘‘நீங்களும் போனீகளா?’’ என்று நண்பன் பெரியவரைக் கேட்டான்.

‘‘போகாம? ஆடு ரெண்டு நாளு பட்டியிலயே கெடந்துச்சு. கத்திக்கிட்டே இருந்துச்சு. என்ன செய்ய... மலை இருந்தாத்தானே ஆடு.’’

வாசகரே, நானும் காமர்ஸ்தான் படித்தேன். ஒரு சொத்துக்கு மதிப்புப் போடச் சொன்னால், வாங்கின விலை என்ன, இப்போது விற்றால் என்ன கிடைக்கும் என்று ரெண்டு காலம் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மலைக்கு வாங்கின விலை கிடையாது. விற்கிற விலையை டன் கணக்கில் ஒருவர் சொல்லுவார், கன மீட்டர் கணக்கில் இன்னொருவர் சொல்லுவார். வருஷா வருஷம் கண்மாயில் இறக்கிவிடுகிற தண்ணீருக்கும், அதில் விளைகிற நெல்லுக்கும், எமயவன் தானம் கொடுத்த குகைக்கும், மூணே செகண்டு வந்துபோன அந்த வல்லூறுக்கும் எந்தக் காலத்தில் தொகை போடுவது? போடத் தெரியவில்லை என்பதற்காக அந்தக் காலத்தைக் காலியாக விட்டால், ‘பூஜ்யம்’ என்று படித்துவிடுகிறார்கள். வில்லங்கமே அங்கேதான் ஆரம்பம். அதைப் பூஜ்யம் இல்லை என்று நிரூபிக்க ஒரு ஊரே ஆட்டைப் பட்டியில் போட்டுவிட்டு ரோட்டுக்கு வர வேண்டியிருந்தது.

நீங்களும் போறதா இருந்தா...

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ். நரசிங்கம்பட்டியில் இறங்கி உள்ளே திரும்ப வேண்டும். பைக் இருந்தால் இன்னும் சௌகரியம். எங்க ஊர்ப் பக்கத்து ஆசாமிகள் உசிலம்பட்டி வந்து, ஆரப்பாளையம் இறங்கி, மாட்டுத்தாவணிக்கு ஓர் ஆட்டோவிடம் பேரம் பேசி... ஆக முதல் மலை ஏற்றம் அங்கேயே முடிந்துவிடும்!

கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். விடிகிறபோது ஏறத் தொடங்கி, பத்து மணிக்குள் பாறையை விட்டு இறங்கிவிடுங்கள். அதற்கப்புறம் பாறை தோசைக்கல். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீர். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள்; அவருக்குக் கொடுக்கிற கூலியில் பேரம் வேண்டாம். கல்வெட்டுக்குப் பக்கத்தில் உங்கள் பேரையும் உங்கள் ஆள் பேரையும் ஹார்ட்டின் போட்டு எழுத வேண்டாம். எமயவன் குகையைக் கொடுத்துவிட்டுத்தான் பேர் வெட்டினார். நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?

சாப்பாட்டுப் பொட்டலம், வாட்டர் பாக்கெட் எல்லாவற்றையும் திரும்பப் பையிலேயே போட்டுக் கொண்டு வாருங்கள். மேலே போடுகிறது எல்லாம் முதல் மழைக்குக் கீழே கண்மாய்க்கு வந்து சேரும். கூரையில் போட்ட குப்பை வாளியில்தானே விழும்!

திங்கட்கிழமை ஆபீஸில் முட்டி விண் விண்ணென்று வலிக்கும். ‘ஏழு மலைன்னு பீத்திக்கிட்டியே, ஆறுதானே ஏறினே?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள்: ‘ஏழாவது வல்லூறு பேர்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கு ஸார்!’